கரடியைக் காணச் செல்வோருக்கு

"சாமி, அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கரடி காட்ட ஆசைப்படுகிறோம். கூண்டில் அல்ல, காட்டிலேயே பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?" என்று நம் பங்கின் ஆசிரியர் ஒருவர் அண்மையில் வினவினார். அவ்வினா என் நெஞ்சில் பழைய காட்சியொன்றை எழுப்பிற்று.

எனக்கு அப்போது ஆறேழு வயதிருக்கும். எங்கள் தெருவுக்குக் கரடி வித்தைக்காரர் வந்தார். மூக்கில் கோத்த கயிறு இழுபடும்போதெல்லாம் அக்கரிய விலங்கு பின்னங்கால்களில் நின்று குதித்தது. பயம் தெளியுமென்று என்னை அதன் முதுகில் ஏற்றி அமர்த்தினார்கள். அதன் மயிரைத் தாயத்தில் அடைத்து என் இடுப்பில் கட்டினார் அம்மா. தெருவே சிரித்து மகிழ்ந்தது. அக்கயிறு அந்த மூக்கினுள் எவ்வாறு நுழைந்தது என்று எங்களுள் எவரும் கேட்கவில்லை.

விடையைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். தாய்க்கரடியைக் கொன்றுதான் பெரும்பாலும் குட்டியைக் கவர்ந்தனர். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் அதன் மூக்கைத் துளைத்தனர், பற்களையும் தகர்த்தனர். குட்டியைப் பறிகொடுத்த கரடியின் சினத்தை விவிலியம் உவமையாகக் கூறுவதை நாம் வாசித்திருக்கிறோம். அச்சினத்தின் பின்னுள்ள துயரத்தை எண்ணிப் பார்த்தோமா?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னும் அவ்வித்தை உடனே ஒழிந்துவிடவில்லை. வித்தையே பிழைப்பாக இருந்த கலந்தர் சமூகத்தினருக்கு வேறு தொழிலும், அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைக்க உதவிய பின்னரே கயிறுகள் அவிழ்ந்தன. 600-க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டு, ஆக்ரா, பன்னேருகட்டா முதலிய இடங்களிலுள்ள காப்பகங்களை அடைந்தன. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியத் தெருக்களில் கரடியாட்டம் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. விலங்குக்கு இரங்கியவர்கள் ஏழை மனிதரையும் மறவாமையால் விளைந்த வெற்றி இது.

ஆகவே கரடியைக் காண்பதில் இரு வழிகள் உண்டு. நம் விருப்பத்திற்கு அதை ஆட்டுவிப்பது ஒன்று. அதன் வரவுக்காக நாம் காத்திருப்பது மற்றொன்று. இரண்டாவது வழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஏற்ற இடம், கர்நாடகத்தில் ஹம்பிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரோஜி. 1994-இல் கரடிகளுக்கெனவே அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. 80 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடிய பரப்பு. பெரும் பாறைகளும் முட்புதர்களும் நிறைந்த குன்றுகள். பாறை இடுக்குகளே கரடிகளின் இல்லங்கள்.

சென்னையிலிருந்து செல்வோர் குந்தக்கல்லில் இறங்கி, வேறு இரயிலேறி ஹொசப்பேட்டையை அடையலாம். பெங்களூரிலிருந்து இரவு இரயிலும் உண்டு. தங்குவதற்கு ஹொசப்பேட்டையும் கமலாபுரமும் வசதியானவை. கோடையில் பாறைகள் அனலாய்க் கொதிக்குமாதலால் மழை ஓய்ந்த பின், பிப்ரவரிக்குள் செல்வது நன்று. காலையில் ஹம்பியின் கோயில்களைக் கண்டு, பிற்பகலில் சரணாலயத்தின் காட்சிக் கோபுரத்திற்குச் செல்லலாம். பைனாகுலரும் குடிநீரும் உடன் இருக்கட்டும்.

வெயில் சாயும் வேளையில் கரடிகள் குன்றிறங்கும். பனிக்காலத்தில் பிறக்கும் குட்டிகள் சில வாரங்கள் குகையில் வளர்ந்து, பின்னர் மாதக்கணக்கில் தாயின் முதுகிலேறிப் பயணம் செய்யும். கரையான் புற்றைக் கரடி உண்ணும் முறையும் வியப்புக்குரியது. நீண்ட நகங்களால் புற்றைப் பிளந்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, மேல்வரிசை முன்பற்களில் இரண்டு இல்லாத இடைவெளி வழியே கரையானை உறிஞ்சும்.

ஒன்றை மறைக்கலாகாது. கரடிகள் பார்வைக்கு வரும்பொருட்டுப் பணியாளர் பாறைகளில் வெல்லப்பாகு பூசும் வழக்கம் அங்குப் பல ஆண்டுகளாக இருந்து வந்துள்ளது. காட்டு விலங்கை இவ்வாறு பழக்கலாமா என்று கேட்போர் உண்டு, அக்கேள்வி நியாயமானதே. பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிச் சிந்திக்க விடுங்கள். எனினும் அங்கே கயிறு இல்லை. வருவதும் போவதும் கரடியின் உரிமை.

நம் நீலகிரியிலும் கரடிகள் உண்டே என்பீர்கள். தேயிலைத் தோட்டத்தருகே அலையும் கரடியைத் தேடிச் செல்வது பேராபத்து. மோப்பம் மிகுந்திருந்தும் அதற்குப் பார்வை மட்டு. எதிர்பாராமல் அருகில் மனிதரைக் கண்டால் அஞ்சித் தாக்கிவிடும். கோபுரத்தின் மீது, காவலரின் சொற்கேட்டு, ஓசையின்றி அமர்ந்திருப்பதே நமக்கும் அதற்கும் பாதுகாப்பு. கூச்சலிடுவதும் தின்பண்டம் வீசுவதும் வேண்டா.

புறப்படுமுன் பிள்ளைகளிடம், "ஒருவேளை கரடி வராமலும் போகலாம்" என்று சொல்லி வையுங்கள். வராத நாளில் பணம் வீணாயிற்றே என்று அவர்கள் முன் நொந்துகொள்ளாதீர்கள். நான் ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, அருகில் நின்ற அவர் மகள், "வராவிட்டால் என்ன சாமி, அது வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம்" என்றாள். கரடியின் முதுகில் அமர்ந்திருந்த அந்நாளில் எனக்குத் தோன்றாத எண்ணம் அது.