அடைபட்ட கோழிகளுக்குத் துணைத் தீனி

நாற்றங்காலையும் காய்கறிப் பாத்தியையும் கோழி கிளறிவிட்டதென அண்டை வீட்டாரிடையே மனத்தாங்கல் உண்டாகி, அது கிராம அதிகாரிகளிடம் முறையீடாக வருவது புதிதன்று. கோழிகளை அடைத்து வளர்க்கும்படி சொல்லி அனுப்புவதே வழக்கமான தீர்ப்பு. பயிருக்கு இது நன்மையே. ஆனால் அடைத்த சில மாதங்களில் கோழிகள் இளைப்பதும், தோல் முட்டையிடுவதும், கால் வலுவிழந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. கூண்டு ராசியில்லை என்று அவற்றை மலிவாக விற்றுவிடுவாரும் உளர். குற்றம் கூண்டினுடையதன்று, தீனியினுடையது.

திரியும் கோழி நாம் இறைக்கும் தானியத்தை மட்டும் உண்டு வாழ்வதில்லை. குப்பையில் புழுவும், வரப்பில் புல்லும், சுவரோரத்தில் காரையும் கொத்தி, வேண்டியதைத் தானே தேடிக்கொள்கிறது. அடைபட்டபின் அவை யாவற்றையும் வளர்ப்பவரே கொடுத்தல் வேண்டும்.

தவிடு

1890-ஆம் ஆண்டை ஒட்டி, ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தம் ஆய்வுசாலைக் கோழிகள் கால் முடங்கி விழுவதைக் கண்டார். இராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய அரிசிச் சோறே அவற்றுக்குத் தீனியாயிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுக்கவே, தீட்டாத அரிசி போடப்பட்டது, கோழிகள் தேறின. தவிட்டிலுள்ள சத்தே இதற்குக் காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதுவே இன்று வைட்டமின் பி-1 எனப்படுகிறது. ஐக்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆகவே, சோறும் நொய்யும் மட்டும் போடுவோர் அவற்றோடு தவிட்டையும் பிசைந்து வைத்தல் வேண்டும். காறல் வாடையுள்ள பழந்தவிடு ஆகாது.

பச்சிலையும் வெயிலும்

அரிசியிலும் வெள்ளைச் சோளத்திலும் வைட்டமின் ஏ கிடைப்பதற்குரிய மஞ்சட் சத்து அநேகமாக இல்லை. அது குறைந்தால் கோழியின் கண் ஒழுகி, இமை வீங்கி ஒட்டிக்கொள்ளும். முருங்கை, அகத்தி, குதிரைமசால் ஆகியவற்றின் இலைகள் இக்குறையைத் தீர்க்கும். தழையைத் தரையில் இறைத்தால் எச்சத்தில் மிதிபடும். கட்டாகக் கட்டிக் கோழியின் தலையுயரத்தில் தொங்கவிடுக. வெயில் படாத கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது. ஆதலால் கூண்டின் ஒரு பக்கமேனும் காலை வெயில் நேரே விழுமாறு அமைத்தல் அவசியம்.

கிளிஞ்சல்

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. தானியத்தில் அது மிகச் சொற்பம். தீனியில் போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டும். கால் வலுவிழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதன் பெரும்பகுதி இரவில் நிகழ்வது. எனவே நொறுக்கிய கிளிஞ்சலை மாலையில் தனிப் பாத்திரத்தில் வைத்தல் நலம். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். மாவாக இடிக்க வேண்டாம். பருமனான துண்டுகளே இரைப்பையில் தங்கி இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரையும். நீற்றிய சுண்ணாம்பை இதற்கு ஈடாக வைத்தல் ஆகாது; அது வாயைப் புண்ணாக்கும். முட்டையிடும் பருவம் எய்தாத குஞ்சுகளுக்குக் கிளிஞ்சலை மிகுதியாகக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். தானியத்தை அரைப்பதற்குக் கரையாத சிறு கற்கள் வேறாக வேண்டும்.

கரையானும் பிண்ணாக்கும்

புழு பூச்சிக்கு ஈடாகக் குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துக் கொடுப்பது நம் கிராமங்களின் பழைய வழக்கம். உடைந்த பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் நிரப்பி, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் கரையான் திரண்டிருக்கும். பெரிய கோழிகளுக்குக் கடலைப் பிண்ணாக்குத் தூளைத் தவிட்டோடு கலக்கலாம். ஆனால் பூசணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குப் பூசணம் கண்ட கடலைப் பிண்ணாக்கே காரணமாயிற்று.

கடையில் விற்கும் சத்துத் தூளை உபயோகிப்போர், உறையிற் கண்ட அளவை மீறலாகாது. வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகுந்தாலும் தீங்கு செய்யும்.

மேற்சொன்னவற்றில் பெரும்பாலன பணச் செலவின்றி வீட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பவை. கோழியை அடைத்து வை என்று தீர்ப்புக் கூறும் பெரியோர், தவிடும் தழையும் கிளிஞ்சலும் வை என்றும் சேர்த்துக் கூறுவாராயின், வழக்கும் தீரும். அவ்வீட்டாரின் முட்டை வருமானமும் குறையாது.