காரில் அழுகிய முட்டை நாற்றமா? செலவு செய்யும் முன் இதைப் படியுங்கள்!

மேம்பாலம் ஏறுவதற்குள் கார் திணறுகிறது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு. கண்ணாடியை இறக்கினால் அழுகிய முட்டை நாற்றம். இத்தனையும் சேர்ந்து வந்தால், மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான். புதிதாக மாற்ற அவர் சொல்லும் விலையைக் கேட்டால் நமக்கும் மூச்சு வாங்கும்!

இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில், புகைக்குழாயில் இருக்கும் டப்பா இது. உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு. அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை, தீங்கு குறைந்தவையாக மாற்றி வெளியே அனுப்புவதுதான் வேலை. 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. விலை அதிகமாக இருக்க முக்கியக் காரணம் அந்த உலோகங்கள்தான்.

கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. வேறு ஏதோ ஒன்று கெடுக்கிறது. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதானால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். இன்ஜின் ஆயில் குடித்தாலும் ஆபத்துதான். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால், அதுவும் போய்விடும்.

எனவே முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பி0420 என்று வந்தாலே கன்வெர்ட்டர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆக்ஸிஜன் சென்சார் பழுதும் புகைக்குழாய் லீக்கும்கூட அதே கோடைக் காட்டலாம். கூடவே பி0300 வந்தால், மிஸ்ஃபயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள்.

"உள்ளே இருக்கிறதை உடைச்சுக் கொட்டிட்டா வண்டி பறக்கும் சார்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வீட்டு போர்டிகோவில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தால், அதை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். புகைப் பரிசோதனையிலும் சிக்கலாம். மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

வாரன்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழைய கன்வெர்ட்டரை 'வேஸ்ட்' என்று ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காக அதை வாங்க ஆள் இருக்கிறது. அந்தத் தொகையை பில்லில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.