சாருவின் பைனாகுலர்

‘சாருலதா’வை (1964) கொழுந்தன்மேல் வந்த காதல் கதைன்னு சுருக்கிடுவாங்க. எனக்கு அது முழுசா ஒப்புதல் இல்லை. சத்யஜித் ராயின் தொடக்கக் காட்சியைப் பாருங்க. சாருவாக மாதவி முகர்ஜி. வசனம் அனேகமாக இல்லை. கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரோடு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவை வேடிக்கை பார்க்கிறாள், குறும்புச் சிறுமி மாதிரி. கணவன் பூபதி புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கடந்து போகிறான். மனைவி நிற்பது கண்ணிலேயே படவில்லை. சாரு அழவில்லை, கோபப்படவும் இல்லை (நம்மூர்ப் படமாக இருந்தால் வீணை அழுதிருக்கும்). அதே பைனாகுலரை உயர்த்தி, விலகிப்போகும் அவன் முதுகைப் பார்க்கிறாள். அவனும் தெருவில் போகிற ஒரு ஆள்தான்! பிறகு கை தளர்ந்து இறங்குகிறது. அமல் இன்னும் அந்த வீட்டுக்கே வரவில்லை.