உம் கொட்டுதல்: இரண்டாம் மொழித் தமிழ் கற்பித்தலில் கேட்போர் குறிப்புகள்

1. உரையாடலில் பேசுவோரைப் போன்றே கேட்போரும் பங்குகொள்கின்றனர். பேசும் வாய்ப்பைத் தாம் எடுத்துக்கொள்ளாமலே, தாம் கவனித்து வருவதைச் சிற்றொலிகளாலும் தலையசைவாலும் அவர்கள் புலப்படுத்துவர். இவற்றை விக்டர் இங்வே 1970இல் பின்வழிச் செய்திகளாக விளக்கினார். தமிழ் வழக்கில் இது 'உம் கொட்டுதல்' எனப்படும். கதை சொல்லும் பாட்டி குழந்தையை உம் கொட்டச் சொல்வதுண்டு. அவ்வொலி நின்றால் குழந்தை உறங்கிவிட்டது எனக் கொண்டு கதையும் நின்றுவிடும்.

2. 'உம்' என்பதன் பொருள் தொனியைச் சார்ந்தது. சமதொனியில் 'மேலே சொல்லுக' என்றும், ஏறுதொனியில் 'என்ன சொன்னீர்கள்?' என்றும் பொருள்படும். நீண்டு இறங்கின் தயக்கத்தைக் காட்டும். 'ம்ஹும்' என்பது மறுப்பு. 'அப்படியா', 'அப்புறம்' ஆகியவை பேச்சை மேலே நகர்த்துகின்றன. உச்சுக்கொட்டுதல் இரக்கத்தையோ சலிப்பையோ உணர்த்தும். மூத்தோரிடம் வெறும் 'உம்' அலட்சியமாகப் படலாம். 'ஆமாங்க', 'சொல்லுங்க' போன்ற மரியாதை வடிவங்கள் அங்கு வேண்டப்படுகின்றன. எழுத்து வடிவம் இத்தொனி வேறுபாடுகளைக் காட்டுவதில்லை. ஆதலின் பாடநூலால் மட்டும் இவற்றைக் கற்பிக்க இயலாது.

3. மைசூரில் 1969இல் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் தென்மண்டல மொழி மையத்தின் வழியாகப் பிறமொழியாளர்க்குத் தமிழ் பயிற்றி வருகிறது. அங்குப் பயில்வோர் வகுப்பில் தமிழைக் கேட்பினும், தேவராஜ மொஹல்லாக் கடைத்தெருக்களில் மிகுதியாகக் கேட்பது கன்னடமே. இது இடையூறன்று. கன்னடத்தின் 'ஹூங்குட்டு' தமிழின் 'உம் கொட்டு' போன்றே அமைந்தது; 'ஹௌதா' என்பது 'அப்படியா' என்பதற்கு நிகரானது. இந்தி பேசுவோர்க்கோ 'அச்சா' சிக்கல் தரும். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்பவரிடம், அச்சொல்லை நேர்பெயர்த்து 'நல்லது' என்றால் அவர் மனம் புண்படும். அங்கு வேண்டுவது 'அப்படியா' என்பதே.

4. 'சரி' என்னும் சொல்லுக்கு 'கேட்கிறேன்', 'புரிந்தது', 'இசைகிறேன்' என மூன்று பயன்கள் உண்டு. புரியாமையை மறைக்கவும் பயில்வோர் இதனையே நாடுவர். மொழிபெயர்ப்பாளர்க்கு இதன் விளைவு பெரிது. அறுவை மருத்துவத்தை மருத்துவர் விளக்கும்போது நோயாளி இடையிடையே கூறும் 'சரி' வெறும் கேட்டற்குறிப்பாக இருக்கலாம். அதனை இசைவாகப் பெயர்த்தால், அவர் தராத ஒப்புதல் தந்ததாகிவிடும். சாட்சியின் 'உம்' 'ஆம்' ஆவதும் இத்தகையதே. ஐயம் எழும் இடத்தில் மீண்டும் கேட்டுத் தெளிதலே முறை.

5. ஆகவே, பயிற்சி உரையாடல்களில் கேட்போர் குறிப்புகளையும் சேர்த்து ஒலிப்பதிவாக வழங்குதல் வேண்டும். உம் கொட்டப் பழக்கும்போதே, 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று தயங்காது கூறவும் பழக்குதல் வேண்டும்.