கட்டெறும்பு கதவை அரிப்பதில்லை

வடகிழக்குப் பருவமழை இரண்டு சுற்று பெய்து ஓய்ந்ததும் சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் ஒரே மாதிரியான புகார் கேட்கும். நிலைக்கட்டைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து பெரிய கறுப்புக் கட்டெறும்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதே நிலையின் அடிப்பக்கத்தைத் தட்டினால் உள்ளே பொள்ளலாய்ச் சத்தம் வருகிறது. செல்பேசியில் தேடினால் மரத்தைக் குடைந்து வீட்டையே பாழாக்கும் அமெரிக்கத் தச்செறும்பின் படம் வருகிறது. பார்வைக்கு அது நம் கட்டெறும்பேதான். உடனே ஒரு ஸ்பிரே வாங்கி இடுக்கு முழுக்க அடிக்கிறோம். எறும்பு சில நாள் கண்ணில் படுவதில்லை. நிலையோ உள்ளுக்குள் உளுத்துக்கொண்டே போகிறது.

நிலையைத் தின்பது கட்டெறும்பு அல்ல. கண்ணுக்குத் தெரிகிற பூச்சியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, தெரியாத பூச்சிக்கு இன்னும் ஒரு வருடம் அவகாசம் கொடுத்துவிடுகிறோம்.

குழப்பத்துக்குக் காரணம் உறவுமுறை. கட்டெறும்பும் அமெரிக்கத் தச்செறும்பும் கேம்போனோட்டஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. வட அமெரிக்காவின் கேம்போனோட்டஸ் பென்சில்வானிகஸ், மழையில் ஊறி இற்றுப்போன மரத்தைக் குடைந்து உள்ளே கூடு கட்டுகிறது. அங்கே வீட்டின் சட்டகமே மரம் என்பதால் அது பெரிய தொல்லை. அதுவும்கூட மரத்தைத் தின்பதில்லை. கடித்துத் துப்பி, தூளை வெளியே கொட்டிவிடும். நம் ஊர்க் கட்டெறும்பு கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1787இலேயே இதை விவரித்திருக்கிறார். 1851இல் டி. சி. ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ் என்ற சென்னை இதழிலேயே வெளியிட்டார். எறும்பை உட்கார்ந்து கவனிக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

கட்டெறும்பு மண்ணில் வாழ்வது. முருங்கையடி, வேம்படி, காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரம் என்று வேர் ஓடும் மண்ணில்தான் அது கூடு தோண்டும். மேற்குப் புறநகரின் மண்ணோ ஏரிகளின் மண். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தென்மேற்கே செம்பரம்பாக்கம் என்று நீர்நிலைகள் சூழ்ந்த நிலம் இது. ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்கள்தான் இப்போது மனைகள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது எறும்புக்கூட்டின் அறைகளில் தண்ணீர் ஏறுகிறது. முட்டையையும் புழுவையும் வாயில் கவ்விக்கொண்டு அவை மேடு தேடிப் புறப்படுகின்றன. அக்கம்பக்கத்தில் இருக்கும் மேடு நம் வீட்டு பேஸ்மென்ட்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தப் பகுதியின் பல தெருக்கள் நீரில் நின்றபோது மனிதர்கள் மாடிக்குப் போனதும் இதே காரணத்துக்காகத்தான். ஏற்கெனவே இற்றுப்போன கட்டையில் பொந்து கிடைத்தால் கட்டெறும்பு அதில் தங்கிக்கொள்ளும். பொந்தைப் போட்டது அது அல்ல.

அப்படியானால் போட்டது யார்? பெரும்பாலும் கரையான். கரையான் எறும்பு இனமே இல்லை. உயிரியல்படி அது கரப்பான்பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் நாம் கும்பிடும் புற்று கரையான் எழுப்புவது. புற்றுக் கரையான் மரத்தை மென்று உள்ளே கொண்டுபோய், அதன் மேல் ஒரு காளானை வளர்த்து அதைத்தான் உண்கிறது. மழைக்குப் பிறகு புற்றைச் சுற்றி முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் பூ. விவசாயத்தை மனிதன் கண்டுபிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே இந்தப் பூச்சி அதைச் செய்துகொண்டிருந்தது. அந்த விவசாயத்துக்கு உரம் நம் நிலைக்கட்டை என்பதுதான் சங்கடம்.

கரையான் வெளிச்சத்துக்கு வராது. உடம்பு மெல்லியது, காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். அதனால் சுவர் ஓரமாக மண்ணால் மூடிய பாதை ஒன்றைக் கட்டிக்கொண்டே ஏறும். நிலையின் அடியிலோ, லாஃப்டின் மூலையிலோ, பிளைவுட் அலமாரியின் பின்புறத்திலோ பென்சில் கனத்தில் மண்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். விரலால் உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளையாய் ஓடும். மண்கோடு இல்லாமல், குண்டூசித் தலை அளவு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டினால் அது உளுவண்டின் வேலை. பந்தல் போட்ட சவுக்குக் கம்பிலும் மூங்கிலிலும் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாய்த் துளை இருந்தால் அது ரீங்காரமிட்டு வரும் கருவண்டு. இந்த ஊரில் தச்சு வேலை செய்கிற பூச்சி என்று யாரையாவது சொல்லவேண்டுமென்றால் அதைத்தான் சொல்லவேண்டும். மழை இரவில் விளக்கைச் சுற்றும் ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம். அது இறக்கை முளைத்த கரையான். இறக்கை முளைத்த எறும்புக்கு முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை, இடுப்பு ஒடுங்கியிருக்கும். வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால் தாமதிக்காதீர்கள்.

தேக்கில் கரையான் ஏறாது என்று ஆசாரிகள் சொல்வது பாதி உண்மை. தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, கரையானுக்கு அது ஆகாது. வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர்நிற வெள்ளைப் பகுதியில் அந்தப் பாதுகாப்பு குறைவு. இன்று தேக்கு என்று வாங்கும் நிலையில் வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. கரையான் உறுதியானால் அது ஸ்பிரே டப்பாவோடு முடிகிற வேலையில்லை. தரையோரம் துளையிட்டு மண்ணில் மருந்து செலுத்தவேண்டும்; அதற்கு ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. வருகிற பெஸ்ட் கன்ட்ரோல்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி கட்டெறும்புக்கு வருவோம். அதை வீட்டிலிருந்து அனுப்பவேண்டுமானால் அதன் வயிற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது. இடுப்பு அவ்வளவு குறுகல். அது குடிப்பது எல்லாம் திரவம். குடித்ததில் பெரும்பங்கு அதற்குச் சொந்தமும் அல்ல. செரிமான வயிற்றுக்கு முன்னால் இன்னொரு பை இருக்கிறது. ஆய்வாளர்கள் அதைச் சமூக வயிறு என்கிறார்கள். புறநகர்த் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி மாதிரி, எறும்பு அந்தப் பையை நிரப்பிக்கொண்டு கூட்டுக்குப் போய் வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊற்றிக் கொடுக்கிறது. கூட்டிலிருந்து வெளியே வராத செவிலி எறும்புகள், புழுக்கள், ராணி என்று எல்லோருக்கும் அது போய்ச் சேர்கிறது. ஃபுளோரிடாவின் கேம்போனோட்டஸ் ஒன்றை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகக் குழு, இப்படி ஊட்டும் திரவத்தில் வெறும் சர்க்கரை மட்டுமல்ல, புரதங்களும் வளர்ச்சியை நடத்தும் ஹார்மோனும் இருப்பதை 2016இல் கண்டறிந்தது. அதாவது, எத்தனை புழுக்கள் எப்படி வளரவேண்டும் என்ற செய்தியையும் அவை வாய்வழியாகவே பரிமாறிக்கொள்கின்றன.

இதே ஃபுளோரிடா எறும்பைப் பற்றி 2024இல் கரண்ட் பயாலஜி இதழில் வந்த ஆய்வு என்னை இன்னும் வியக்க வைக்கிறது. காயம்பட்ட கூட்டாளியின் காலை இவை பார்த்துச் சிகிச்சை செய்கின்றன. தொடையில் காயம் என்றால் காலை அடியோடு கடித்துத் துண்டிக்கின்றன. அந்த அறுவைக்கு நாற்பது நிமிடமாவது பிடிக்கிறது. முழங்காலுக்குக் கீழே காயம் என்றால் துண்டிப்பதில்லை, நக்கிச் சுத்தம் செய்வதோடு சரி. தொடைக்காயம்பட்ட எறும்புகளில் துண்டிக்கப்படாதவை 40 சதவீதத்துக்கும் குறைவாகப் பிழைத்தன. துண்டிக்கப்பட்டவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் பிழைத்தன. மனிதர் அல்லாத உயிரினத்தில் இப்படி ஒரு உறுப்பு நீக்கம் அதற்கு முன் பதிவானதில்லை.

நம் ஊரிலும் ஒரு அதிசயம் உண்டு. பின்வயிற்றில் பொன்னிற ரோமம் மின்னும் கேம்போனோட்டஸ் செரிசியஸ் என்ற எறும்பை மொட்டைமாடியிலும் கோயில் பிராகாரத்திலும் பார்க்கலாம். புது இடம் கண்டுபிடித்த எறும்பு ஒரே ஒரு கூட்டாளியை மட்டும் பின்னால் அழைத்துப் போகும். பின்னால் வருவது உணர்கொம்பால் முன்னதைத் தொட்டுக்கொண்டே வரவேண்டும். தொடுகை விட்டால் முன்னால் போவது நின்று காத்திருக்கும். 1974இல் எறும்பு ஆய்வாளர் ஹோல்டோப்ளரும் அவருடைய சகாக்களும், பின்னால் வந்த எறும்பை எடுத்துவிட்டு ஒரு மயிரிழையால் தொட்டுக்கொண்டே வந்தார்கள். முன்னால் போன எறும்பு அதையே கூட்டாளியாக எடுத்துக்கொண்டு தொடர்ந்து வழிகாட்டியது.

மீண்டும் வயிற்றுக்கு வருவோம். சமூக வயிறு தெரிந்தால் ஸ்பிரே ஏன் தோற்கிறது என்பது விளங்கும். நம் கண்ணில் படுவது இரை தேட வந்த சிறு பகுதி. அதைக் கொன்றால் ராணி இன்னும் முட்டையிடும். எறும்புச் சாக்பீஸும் மஞ்சள்தூளும் பாதையை மறிக்கும், அவ்வளவுதான். நம் வீடுகளில் ஒரு காலத்தில் வாசல் ஓரம் தூவிய கமாக்சின் பவுடர் மண்ணிலும் தாய்ப்பாலிலும் தங்கும் விஷம். அதன் மூலப்பொருளான பிஎச்சியை இந்தியா 1997இல் தடைசெய்தது. பழைய டப்பா பரணில் இருந்தால் தொடாதீர்கள்.

செய்யவேண்டியது, அவை ஊட்டிக்கொள்ளும் வழியிலேயே மெதுவாகக் கொல்லும் மருந்தை அனுப்புவது. ஃபுளோரிடாவில் 1990களில் க்ளாட்ஸ் என்பவரின் குழு சோதித்துக் காட்டிய கலவை எளிது: 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட். கேரம் பலகைக்குப் போடும் பவுடர் பெரும்பாலும் போரிக் ஆசிட்தான், டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சில் நனைத்து, சிறு துளை போட்ட மூடிய டப்பாவுக்குள் வைத்து, குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் எறும்புப் பாதை ஓரம் வையுங்கள். அளவைக் கூட்டவே கூடாது. கடுமையாக்கினால் சுமந்து போகிற எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குச் சேராது. முதலில் கூட்டம் அதிகமாவதைப் பார்த்துப் பதறி ஸ்பிரே அடித்துவிடாதீர்கள். வாரக்கணக்கில் பொறுக்கவேண்டும், பஞ்சு காய்ந்தால் புதிதாக மாற்றவேண்டும்.

கூட்டைக் கண்டுபிடிக்க இரவே நல்ல நேரம். எறும்புக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு பின்தொடர்ந்தால் அவை பயப்படாமல் வீடு போய்ச் சேரும். பலருக்கு அந்தப் பாதை மாடித்தோட்டத்துச் செம்பருத்தியில் முடியும். செடியில் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுதான் கட்டெறும்புக்குப் பிடித்த உணவு. மாவுப்பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டால் எறும்பின் வரத்து குறையும். சுவரில் உரசும் கிளையை வெட்டுங்கள், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குழாய் வைத்துத் திருப்புங்கள், நிலையோர இடுக்கை சிமென்ட்டால் அடையுங்கள். ஓதம் ஏறிய சுவரைச் சரிசெய்தால் எறும்பு, கரையான் இரண்டின் வரத்தும் குறையும்.

இடுக்கை அடைப்பதற்கு முன்பு நிலையின் அடியை ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்துவிடுங்கள். உள்ளே மண் இருந்தால் கரையானுக்கு ஆள் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வெளியே முருங்கையடியில் இருக்கும் கட்டெறும்புக் கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். செத்த பூச்சிகளை அப்புறப்படுத்துவதும், விழுந்த ஈசல்களை இழுத்துப் போவதும் அவைதான்.