பால்மா எத்தனை நாளுக்கு வரும்?

2022 ஜூலை 3ஆம் திகதி, இலங்கையின் அப்போதைய எரிசக்தி அமைச்சர் கஞ்சன விஜேசேகர நாட்டுக்கு ஒரு கணக்குச் சொன்னார். கையிருப்பில் உள்ள பெற்றோல் ஏறக்குறைய 4,000 மெற்றிக் தொன். வழமையான பாவனைக்கு அது ஒரு நாளுக்கும் போதாது. அடுத்த பெற்றோல் கப்பல் வரவோ இரண்டு வாரத்துக்கு மேலாகும்.

ஒரு பொருள் எப்போது தீரும் என்று அறிய வேண்டிய எல்லாமே அந்த அறிவிப்பில் இருந்தன: இருப்பு, நாளாந்தச் செலவு, அடுத்த வரவு. இருப்பைச் செலவால் வகுத்தால் நாட்கள் கிடைக்கும். அந்த நாட்களுக்குள் சரக்கு வந்து சேராவிட்டால் தட்டுப்பாடுதான். மட்டக்களப்பு வாவியோரத்துப் பலசரக்குக் கடைக்கும் கணக்கு இதுவே.

பவர் பிஐ போன்ற வணிகப் பகுப்பாய்வு மென்பொருட்கள் இதை ஆயிரம் பொருட்களுக்கும் ஒரே நேரத்தில் செய்கின்றன. விற்பனைப் பதிவையும் களஞ்சியப் பதிவையும் இணைத்துவிட்டால், எதிர்பார்க்கும் விற்பனையை நாளுக்கு நாள் இருப்பிலிருந்து கழித்து, வழியில் உள்ள சரக்கை அது வந்துசேரும் நாளில் கூட்டிக்கொண்டே போகும்படி அமைக்கலாம். மீதி பூச்சியத்தைத் தொடும் முதல் நாளே பொருள் தீரும் திகதி.

ஆனால் நாளாந்த விற்பனை எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலான கணக்குகள் சறுக்குகின்றன. செங்கலடியில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கடந்த 30 நாளில் 180 பால்மாப் பைக்கற்றுகள் விற்றன. இப்போது 240 இருக்கின்றன. 180ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 6. இருப்பு 40 நாளுக்கு வரும். அடுத்த லொறி 30 நாளில் வருவதால் கவலையில்லை என்று திரையில் பச்சை நிறம் தெரியும். உண்மையில் அந்த 30 நாளில் 12 நாள் கடையில் பால்மாவே இருக்கவில்லை. விற்றது 18 நாளில்தான். அப்படியென்றால் நாளுக்கு 10; இருப்பு 24 நாளில் முடிந்துவிடும். லொறி வருமுன் 6 நாள், குழந்தைக்குப் பால்மா தேடி வரும் தாய் வெறுங்கையோடு திரும்புவாள்.

இல்லாத பொருளை யாரும் வாங்க முடியாது; அதனால் அது தேவைப்படவில்லை என்று ஆகிவிடாது. இருப்பு பூச்சியமாக இருந்த நாட்களைச் சராசரியில் சேர்க்காதே என்று மென்பொருளுக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 2022இன் தட்டுப்பாட்டு மாத விற்பனையை அப்படியே எடுத்துக்கொள்ளும் எந்தக் கணக்கும் இதே பிழையைத்தான் செய்யும்.

காத்தான்குடியில் இன்னொரு சிக்கல். போன வருடம் இதே மாதத்தில் எவ்வளவு விற்றது என்று ஒப்பிடும் வசதி இந்த மென்பொருட்களில் உண்டு. நத்தாருக்கு அது சரிவரும். நோன்பு மாதமோ ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருகிறது. பேரீச்சம்பழம் எப்போது தீரும் என்பதை ஆங்கில மாதத்தை வைத்துக் கணித்தால் நோன்பின் முதல் கிழமையிலேயே தட்டு காலியாகிவிடும். ஹிஜ்ரி எனும் இஸ்லாமியத் திகதிக்கென நாட்காட்டி அட்டவணையில் ஒரு நிரல் சேர்த்து, அதை வைத்து ஒப்பிட்டால் போதும்.

லொறி வந்துசேர எடுக்கும் நாட்களும் எப்போதும் ஒன்றல்ல. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அந்தத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் சனங்கள் மட்டக்களப்பு வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்தபின்னும், மாரியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கினால் சரக்கு நின்றுபோகும். 2011 ஜனவரி வெள்ளத்தை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அதனால் படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக் கடைக்காரர் ஒருவர் கோடைக்கும் மாரிக்கும் வெவ்வேறு எண் கொடுக்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை, சரக்கு வர மூன்று நாள் என்றிருக்கும் இடத்தில் பத்து என்று எழுதினால், அதே மென்பொருள் சிவப்பு எச்சரிக்கையை ஒரு கிழமை முன்னதாகவே காட்டும்.