வீட்டுக்குச் சொல்லாத உறவு

"உங்க வீட்டு நம்பர் என்கிட்ட இருக்கு. நாளைக்குள்ள இருபதாயிரம் போடலன்னா போட்டோ அப்பாவுக்குப் போயிடும்." வாட்ஸ்அப்பில் இப்படியொரு செய்தி வந்தால், தான் தன்பாலீர்ப்பு கொண்டவன் என்பதை வீட்டில் சொல்லியிராத 24 வயது இளைஞன் என்ன செய்வான்? பெரும்பாலும் பணத்தைப் போட்டுவிடுவான். தான் நேசிக்கும் 47 வயதுக்காரரிடம்கூட வாயைத் திறக்கமாட்டான். மிரட்டுகிறவனுக்கு அந்த மௌனம்தான் மூலதனம்.

கூடவே ஒரு பொய்யும் அவனுக்குக் கைகொடுக்கிறது: "போலீசுக்குப் போனா உன்னைத்தான் உள்ளே வைப்பாங்க." வைக்க முடியாது. வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், இந்த உறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆவது பிரிவே கிடையாது. இருவருக்குமிடையே இருபத்துமூன்று வயது வித்தியாசம் இருப்பதை ஊர் பேசலாம், சட்டம் கேட்காது. அது கேட்பது ஒன்றுதான்: இருவருக்கும் பதினெட்டு முடிந்ததா? ஒருநாள் குறைந்தாலும் சிறார் பாதுகாப்புச் சட்டமான போக்சோ பாயும். "அவனே சம்மதிச்சான்", "ஆப்பில் பத்தொன்பதுன்னு போட்டிருந்தான்" என்ற பேச்சை நம்பி இறங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் விலகிவிடுவதே மூத்தவருக்கு அழகு.

மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அந்தரங்கப் படத்தை அனுமதியின்றிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் சேரும். பணம் தராதீர்கள், ஒருமுறை தந்தால் அடுத்த வாரமே மறுபடி கேட்பான். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடுவது பலர் செய்யும் தவறு. அந்த எண், செய்தி, யுபிஐ விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை முடக்க வாய்ப்புண்டு.

காவல் நிலையத்தில் கேலி செய்வார்களே என்ற பயம் நியாயமானது. ஆனால் தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பதே அது. விதியின் எண்ணைச் சொல்லிப் பேசுகிறவரிடம் குரல் கொஞ்சம் தணிவதுண்டு.

இதற்கு வித்திட்டது மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு. அதை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு எழுதினார். நம் நீதிமன்றங்களில் அரிதான காட்சி அது. 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவின்படி, பெற்றோர் 'மகனைக் காணோம்' என்று புகார் கொடுத்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். 'குணப்படுத்துகிறேன்' என்று சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்துவிட்டது.

வெளியிலிருந்து வரும் ஆபத்து இவ்வளவுதான். உள்ளே இருப்பதைப் பேசத்தான் நாக்கு கூசுகிறது. வாடகை, போன் பில், வேலைக்குச் சிபாரிசு எல்லாம் மூத்தவர் கையில் இருந்தால் இளையவனால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? கோபத்தில் "உங்க வீட்ல சொல்லிடுவேன்" என்கிறவர் யாராக இருந்தாலும், அது காதல் சண்டையல்ல, மிரட்டல். எப்போது, யாரிடம் சொல்வது என்பது சம்பந்தப்பட்டவரின் அந்தரங்க உரிமை. உச்ச நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு பாலீர்ப்பையும் அந்த உரிமைக்குள் வைத்தது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 377 போனதோடு, ஓர் ஆணை இன்னோர் ஆண் பலவந்தப்படுத்தினால் நேரடியாகப் பொருந்தும் பிரிவும் போய்விட்டது. காயம், அடைத்துவைத்தல் போன்ற பிரிவுகளில்தான் புகார் தர முடிகிறது. இது சட்டத்தில் விழுந்த ஓட்டை, அடைக்கப்பட வேண்டும்.

வீட்டு நெருக்கடிக்குப் பயந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதைப் பரிகாரமாக யாரும் சொல்லவேண்டாம். ஒன்றுமறியாத அந்தப் பெண்ணுக்கு அது அநியாயம். மனம் நொறுங்கும் இரவுகளில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

2023 அக்டோபர் 17-இல் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால், எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் ஒருவர் மற்றவருக்குச் சட்டப்படி வாரிசல்ல. இருப்பதை வைத்துத்தான் வேலி கட்ட வேண்டும். கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் கீழ், உறவினர் அல்லாதவரையும் மனநலச் சிகிச்சைக்கான பிரதிநிதியாக வெள்ளைத்தாளில் எழுதி நியமிக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமே; உரிமை வாரிசுக்குப் போகும். அதனால் வயதில் மூத்தவர் உயில் எழுதுவது அவசியம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. உங்கள் கையெழுத்தும், அதைப் பார்த்துக் கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளும் போதும். பலன் பெறுகிறவரைச் சாட்சியாக நிறுத்தாமல், இந்த மாதமே எழுதிவிடுங்கள்.